ஏட்டில் ஏறிய கமகம்

ஸ்வரம் எழுதிய புத்தகத்தைப் படிக்கக் கற்பது பிரமாதமான வித்தை ஒன்றும் அல்ல. ஸ, ரி, க, ம, ப, த, நி என்ற ஏழு எழுத்தும் எல்லோரும் அறிந்ததே. குறிலுக்கு ஓர் அட்சரம், நெடிலுக்கு இரண்டு. கமா வந்தால் ஓர் அட்சரம் நீட்ட வேண்டும், அரைப்புள்ளிக்கு இரண்டு. எழுத்தின் தலைக்கு மேல் புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி. காலடியில் இருந்தால் கீழ் ஸ்தாயி. மேலே கோடு இழுத்திருந்தால் வேகம் இரட்டிப்பு. தாளம் தவறாமல் கை தட்டத் தெரிந்தவர், ஒரு மாதத்தில் ஸரளி வரிசையைப் புத்தகம் பார்த்தே பாடிவிடலாம். நாற்பது வயதுக்கு மேல் நான் கற்றுக்கொண்டதும் இவ்வளவுதான்.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. தோடி ராகத்துக் காந்தாரத்தை 'க' என்று ஓர் எழுத்தில் எழுதிவிடுகிறோம். வித்வான் பாடும்போது அது ஓரிடத்தில் நிற்கிறதா? ஊஞ்சல் ஆடுகிறது. அந்த ஊஞ்சலை எப்படி எழுதுவது?

இதற்கு முறையாக விடை தேடியவர் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர். 1839-இல் பிறந்தவர். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதருடைய மகள் வயிற்றுப் பேரன். அவருக்கே சுவீகார புத்திரன். குடும்பச் சொத்து என்று இவருக்கு வந்ததெல்லாம் கிருதிகள்தாம். அந்தக் காலத்தில் ஒரு கிருதி சிஷ்யன் காதில் விழுவதற்கு அவன் எத்தனையோ வருஷம் குருவுக்குப் பணிவிடை செய்திருக்க வேண்டும். பாடாந்தரம் என்பது வித்வானுடைய மானம், வயிற்றுப்பாடு இரண்டும்.

அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி வந்தவர் சங்கீதத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். எம்.ஏ. படித்த கத்தோலிக்கர், சென்னை சின்னசாமி முதலியார். தியாகராஜர் கிருதிகளை ஐரோப்பியர் வழக்கப்படி ஐந்து கோடுகளின்மேல் புள்ளிகளாக எழுதி, 1890-களில் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஐந்து கோட்டு முறை படிக்கட்டு மாதிரி: எந்தப் படியில் நிற்பது என்று கச்சிதமாகச் சொல்லும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே வழுக்கி வருவதுதானே நம் சங்கீதத்தின் உயிர்! முதலியார் இதை அறியாதவர் அல்லர். அறிந்ததால்தான் தீட்சிதரை நாடினார். கண் மங்கிப்போன நிலையில், 1899-இல், எட்டயபுரம் ராஜாவிடமே போய், தீட்சிதரின் வித்தையை அச்சேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

(பாலுஸ்வாமி தீட்சிதர், சென்னையில் வெள்ளைக்காரரின் பிடிலைக் கற்று நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர். வெளியிலிருந்து வந்தது என்பதற்காக ஒன்றைத் தள்ளும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.)

1904-இல் எட்டயபுரம் வித்யா விலாஸினி அச்சகத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு லிபியில் வெளிவந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் 229. அதைவிடப் பெரிய காரியம், ஸ்வரங்களின் தலைமேல் ஏறியிருக்கும் குறிகள். நெளிந்த கோடு இருந்தால் கம்பிதம்: அசைத்துப் பாடு. சாய்கோடு மேலே போனால் ஏற்ற ஜாரு. கீழே வந்தால் இறக்க ஜாரு. இன்னும் நொக்கு, ஸ்புரிதம் என்று பல. சாதாரணத் தெலுங்கு எழுத்துப் பெட்டியில் இவையெல்லாம் ஏது? அச்சுக் கோத்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

சங்கீதத்தை எழுதினால் செத்துப்போகும் என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. இந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக்கூட அவர்கள் நிதானமாகப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். குறியைப் பார்த்த உடனே பாட்டு வந்துவிடும் என்று நானும் சொல்லவில்லை. நெளிகோட்டைக் கண்டால் அசைக்க வேண்டும் என்று தெரிகிறது. எவ்வளவு அசைப்பது என்பதற்கு, நல்ல தோடி பத்துத் தடவையாவது காதில் விழுந்திருக்க வேண்டும். ஆனாலும், குருவின் திண்ணையை மிதிக்க வழியில்லாத ஒருவன், முத்துஸ்வாமி தீட்சிதர் வீட்டுக் காந்தாரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தெரிந்துகொள்கிறான். அறுபது வயதுக்குமேல் ஒரு வித்வான் தம் வயிற்றுப்பாட்டை இப்படி ஊருக்கெல்லாம் பொதுவாக்கியதை வேறு என்னவென்று சொல்வது?

புத்தகம் அச்சாகி வந்ததை முதலியார் பார்க்கவில்லை. அதற்கு முன்பே காலமாகிவிட்டார். தீட்சிதர் 1905-இல் ஆரம்ப மாணவர்களுக்கென்று ஒரு சிறு பாடபுத்தகமும் எழுதி வைத்துவிட்டு, மறு வருஷம் மறைந்தார். அதே எட்டயபுரத்தில் பிறந்த பாரதி அவருக்கு இரங்கற்பா பாடினார். தமிழ்ச் சீமையிலே அச்சான பெரிய புத்தகம் தமிழ் எழுத்தில் வருவதற்கு மட்டும் 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷந்தான் சென்னை மியூசிக் அகாடமி தமிழ்ப் பதிப்பைத் தொடங்கியது. அது ஐந்து பாகமாக முடிவதற்குள் இன்னும் இருபது வருஷத்துக்குமேல் ஓடிவிட்டது.