உடைந்த துண்டில் பிறந்த விருந்து டிப்



சூடான சீஸ், சாசேஜ் டிப்பை வீட்டில் செய்து பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் ஒரு சங்கடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாள்பட்ட சீஸைச் சூடாக்கினால் எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். அடியில் ரப்பர் போலக் கட்டியாகிவிடும். இதற்கு வழி கண்டவர்களின் கதையைக் கேளுங்கள்.

1911-இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்ட்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் சீஸுடன் சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்து உருக்கினார்கள். அது சீஸிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது. புரதம் தளர்ந்து, கொழுப்பையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைத்தது. அவர்கள் நினைத்தது விருந்தை அல்ல. நெடுநாள் கெடாத சீஸை.

1918-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், மன்ரோ என்ற ஊரில், சுவிஸ்காரரான எமில் ஃபிரே உடைந்த சீஸ் துண்டுகளை வீணாக்க மனமின்றி, சீஸ் வடித்த நீருடன் கலந்து 'வெல்வீட்டா'வை உருவாக்கினார். 1927-இல் அதைக் கிராஃப்ட் நிறுவனம் வாங்கியது. 1940-களில் டெக்சாஸின் எல்சா ஊரில் தக்காளியும் பச்சை மிளகாயும் சேர்த்து டின்னில் அடைத்த 'ரோ-டெல்' வந்தது. இரண்டையும் சேர்த்து உருக்கியதே டெக்சாஸ் வீட்டு விருந்துகளின் டிப். உதிர்த்து வறுத்த சாசேஜைப் பலர் அதில் சேர்ப்பார்கள்.

நீங்களும் செய்யலாம். சாசேஜை வறுத்துக் கொழுப்பை வடித்துவிடுங்கள். பிராசஸ்டு சீஸ், தக்காளி, மிளகாயுடன் கலந்து, 180 டிகிரி ஓவனில் குமிழ் வரும்வரை வையுங்கள். சைவம் உண்ணும் அண்டை வீட்டாருக்குச் சாசேஜ் இல்லாத கிண்ணமும் தனிக் கரண்டியும் வைக்க மறந்துவிடாதீர்கள்.