கட்டணத் துணையாளர் மோசடி

கூலி கொடுத்துப் பேச்சுத்துணைக்கோ வழித்துணைக்கோ ஆள் தேடுவோரிடம், நேரில் வருவதற்கு முன்பே பணம் பறிக்கும் ஏமாற்று. துணைக்கு வரும் தொழில் முறையானதே. ஜப்பானில் ஷோஜி மோரிமோட்டோ 2018 முதல் எதுவும் செய்யாமல் உடனிருப்பதையே பிழைப்பாக்கிக்கொண்டார். முதியோருக்கு இளைஞர்களைத் துணையாக அனுப்பும் இந்தியாவின் குட்ஃபெல்லோஸ் நிறுவனத்தில் 2022-இல் ரத்தன் டாட்டா முதலீடு செய்தார்.

மலேசியாவின் பினாங்குத் தண்ணீர்மலையில் துணைக்கு ஆள் தேடும் தேவை கண்கூடு. பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்க, தனித்திருக்கும் பெரியவருக்குப் படியேறவும் பொது மருத்துவமனைக்குப் போய்வரவும் ஆள் வேண்டும். துணை தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏமாற்றுவோருக்கு அந்த வெட்கம்தான் முதல்.

டெலிகிராமிலோ முகநூலிலோ படத்துடன் விளம்பரம் வரும். முதலில் சிறு முன்பணம் கேட்பார்கள். அடுத்து உறுப்பினர் கட்டணம், பிறகு ‘பாதுகாப்புக்காக’ ஒரு வைப்புத்தொகை. சந்திப்பு முடிந்ததும் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்பார்கள். ஏமாந்தவர்கள் கொடுத்ததை மீட்கும் ஆசையிலேயே மேலும் கட்டுகிறார்கள். சிங்கப்பூரில் 2010-களின் நடுவில் பரவிய இதே வகை மோசடியில், சந்திப்புக்கும் பாலியல் சேவைக்கும் ஆசைகாட்டி அலிபே என்ற இணையக் கட்டணச் சேவையின் முன்பண மதிப்பை வாங்கச் செய்தார்கள், மறுத்தவர்களை மிரட்டினார்கள்.

முகம் பார்க்காமல் பணம் அனுப்பாதிருப்பதே முதல் காப்பு. முதல் சந்திப்பு ஆள் நடமாட்டமுள்ள காப்பிக்கடையில் இருக்கட்டும்; பிள்ளைகளிடமோ பக்கத்து வீட்டாரிடமோ சொல்லிவிட்டுப் போக வேண்டும். அடையாள அட்டைப் படத்தை அனுப்பக் கூடாது. டூயிட்நவ் என்ற பணப்பரிமாற்றச் சேவையில் பணம் அனுப்பும்முன் பெறுபவரின் பெயர் திரையில் தெரியும். வரப்போகிறவரின் பெயருக்கு அது ஒத்துவராவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மலேசியக் காவல்துறையின் ‘செமாக் மூல்’ தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சரிபார்க்கலாம். புகார் ஏறாத புதுக் கணக்கு அதில் சிக்காது என்பதால், அதை மட்டும் நம்பியிருப்பது போதாது.

பணம் போய்விட்டால், வங்கிக்கும் 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் உடனே அழைக்க வேண்டும். பணம் கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றப்படும் முன் தடுத்தால்தான் மீட்க வழியுண்டு. வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏமாற்றியவனுக்கே ஆதாயம். பின்னர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவின்படி, ஏமாற்றிப் பணம் பறித்தவருக்கு 1 முதல் 10 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் அபராதமும் உண்டு.