திருவாரூர் தியாகராஜர் கோயிலும் அதன் விழாக்களும்

திருவாரூர் தியாகராஜர் கோயில், தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே காவிரிப் படுகையில் அமைந்த சிவன் கோயில். மூவர் தேவாரமும் பெற்றது. சைவர்களுக்குக் 'கோயில்' என்றால் சிதம்பரம், 'பூங்கோயில்' என்றால் திருவாரூர். மூலவர் வன்மீகநாதர், புற்றிடங்கொண்டார் என்ற தமிழ்ப் பெயரும் அவருக்கு உண்டு. ஆனால் ஊர்க்காரர்கள் 'சாமி' என்று சொன்னால் அது தியாகராஜரைத்தான். சிவனும் உமையும் நடுவில் குழந்தை முருகனுமாக அமர்ந்த சோமாஸ்கந்த வடிவம் அவருடையது. பூவும் பட்டும் போர்த்திய அந்தத் திருமேனியில் தியாகராஜரின் முகத்தையும் அம்மையின் முகத்தையும் மட்டுமே அன்றாடம் பார்க்க முடியும். மற்றதெல்லாம் மறைப்புக்குள். இவ்வளவு மறைந்திருப்பவருக்கு வீதிவிடங்கர் என்று பெயர். ஆண்டுக்கொரு முறை நகரத்தின் நான்கு வீதிகளிலும் வலம் வருபவரும் இவரே. இந்தக் கோயிலின் விழாக்கள் பெரும்பாலும் அந்த மறைப்புக்கும் இந்த வீதியுலாவுக்கும் நடுவில் நிகழ்பவை.

தலக்கதை

தியாகராஜர் முதலில் திருமாலின் மார்பில் இருந்தார் என்கிறது தலபுராணம். திருமால் மூச்சை இழுத்து விடும்போது அந்த ஏற்ற இறக்கத்தில் ஆடிய ஆட்டமே அசபா நடனம். பிறகு அவர் இந்திரனிடம் போனார். குரங்கு முகம் கொண்ட முசுகுந்த சக்கரவர்த்தி, அசுரரோடு நடந்த போரில் இந்திரனுக்குத் துணை நின்று, பரிசாக அந்தத் திருமேனியைக் கேட்டான். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதே போல் ஆறு திருமேனிகளைச் செய்வித்து ஏழையும் வரிசையாக வைத்தான். முசுகுந்தன் உண்மையானதைச் சரியாக அடையாளம் காட்ட, ஏழும் அவனுக்கே கிடைத்தன. அவற்றை நிறுவிய இடங்கள் சப்த விடங்கத் தலங்கள்: திருவாரூர், திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம். ஒவ்வொரு தலத்து விடங்கருக்கும் ஒரு நடனம். திருவாரூருக்குரியது அசபா.

புராணத்தை நம்புவோரும் நம்பாதோரும் இந்த நடனத்தை நேரில் பார்க்கலாம். தியாகராஜரைச் சன்னதியிலிருந்து வெளியே எழுந்தருளச் செய்யும்போது, தோளில் சுமப்பவர்கள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஒரே சீராக அசைந்து வருகிறார்கள். சாமி நடந்து வருவதில்லை, ஆடிக்கொண்டுதான் வருகிறார்.

கோயிலுக்குள்

"கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்பது ஊரில் வழங்கும் நிலக்கணக்கு. குளம், மேற்குக் கோபுரத்துக்கு எதிரே விரிந்து கிடக்கும் கமலாலயம். ஓடை, சாமிக்குப் பூக் கொடுத்த செங்கழுநீர் ஓடை. கமலாலயத்தின் நடுவில் நாகநாதருக்கு ஒரு கோயில் இருக்கிறது. விருத்தாசலத்து மணிமுத்தாற்றில் போட்ட பொன்னை, தேவார மூவருள் ஒருவரான சுந்தரர் இந்தக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணச் செய்தி. ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவதைக் கேலி செய்பவர்கள் சுந்தரரை மறந்துவிடுகிறார்கள்.

கிழக்குக் கோபுரம் வழியாக நுழைபவர் நேரே வன்மீகநாதரிடம் போய்ச் சேர்வார். தியாகராஜர் சன்னதி அதை ஒட்டி இருக்கிறது. இங்கே நந்தி படுத்திருக்கவில்லை, நிற்கிறது. சுந்தரருக்காக அவர் மனைவி பரவையார் வீட்டுக்குத் தூது நடந்த சாமி, மறுபடி அப்படிக் கிளம்பினால் உடனே சுமந்து போகத்தான் எழுந்து நிற்கிறது என்று விளக்கம் சொல்வார்கள். நவக்கிரகங்களும் மற்ற ஊர்களைப் போல ஆளுக்கொரு திசை பார்க்காமல் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன.

அம்மன் சன்னதிகள் இரண்டு. நீலோத்பலாம்பாள் தியாகராஜருக்குரிய தேவி. அருகில் தோழி குழந்தை முருகனைச் சுமந்து நிற்கிறாள். கமலாம்பாள் சன்னதி வெளிப் பிராகாரத்தின் வடமேற்கில் தனிக் கோயில் போலவே இருக்கிறது. அவள் காலை மடித்து யோக நிலையில் அமர்ந்திருப்பவள். யாருக்கும் துணைவியாக அல்ல, தனி ஆட்சியாக. ஆடிப்பூர விழா இவளுக்கு. முத்துசுவாமி தீட்சிதர் நவாவரணக் கீர்த்தனைகளைப் பாடியதும் இவள் மேல்தான். தீட்சிதர் 1775இல் இந்த ஊரில் பிறந்தவர். தியாகராஜ சுவாமிகள் (1767), சியாமா சாஸ்திரிகள் (1762) ஆகியோரின் பிறந்த ஊரும் இதுவே. பதின்மூன்று ஆண்டுகளுக்குள் கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் மூவரும். தியாகராஜ சுவாமிகளுக்கு வைத்த பெயரே இந்த ஊர்ச் சாமியின் பெயர்.

அவசரமாகச் சுற்றி வருபவர்கள் தவறவிடும் இடம் தேவாசிரிய மண்டபம். அடியார்கள் கூடியிருந்த அந்த மண்டபத்தைக் கடந்த சுந்தரர் அவர்களை வணங்காமல் உள்ளே போனார். அதைக் கண்டு வெகுண்ட அடியார் விறன்மிண்டர், சுந்தரரும் புறம்பு, அவரை ஆண்ட சிவனும் புறம்பு என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு பிறந்தது, அடியார்களைச் சுந்தரர் போற்றிப் பாடிய திருத்தொண்டத்தொகை. அதை விரித்து நம்பியாண்டார் நம்பி அந்தாதி பாடினார்; சேக்கிழார் பெரியபுராணம் செய்தார். தமிழ்ச் சைவத்தின் அடியார் வரலாறு முழுவதும் ஒரு மண்டபத்து வாசலில் எழுந்த கோபத்திலிருந்து தொடங்குகிறது.

அதே மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தன் கதை ஓவியமாக இருக்கிறது. தஞ்சை மராத்திய மன்னர் சகஜி காலத்தைச் சேர்ந்த இந்த வேலையை வரைந்தவர் சிங்காதனம்; தமது பெயரையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால் பட்டை பட்டையாகக் காட்சிகள் நகர்கின்றன. குரங்கு முக மன்னன், பல்லக்கு, ஆடும் பெண்கள், வாத்தியக்காரர்கள், ஊர்வலத்தின் நடுவே வாணவேடிக்கை. ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் குறிப்பு. தேவலோகத்து ஊர்வலம் என்று சொல்லி அவர் வரைந்தது அன்றைய திருவாரூர் விழாவைத்தான் என்பது பார்த்ததுமே தெரியும். புகையும் நீர்க்கசிவும் அரித்திருந்த இந்த ஓவியங்கள் அண்மைக் காலத்தில் சீர் செய்யப்பட்டன.

கல்வெட்டுகள்

கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் அறநெறி என்னும் அசலேசுவரர் கோயிலைக் கற்றளியாக்கியவர் செம்பியன் மாதேவி. தியாகராஜர் சன்னதியைக் கல்லில் எழுப்பியது முதலாம் இராசேந்திரன் காலத்தில். அவனுடைய அணுக்கியான பரவை நங்கை, சன்னதிக்குப் பொன் வேய்ந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அரசனும் பரவை நங்கையும் சாமி கும்பிட்டு நின்ற இடத்தில் ஒரு குத்துவிளக்கு வைத்த செய்தியும் அதில் உண்டு. போர்களையும் கொடைகளையும் அடுக்கும் சோழக் கல்வெட்டுகளில் இப்படியொரு தனிப்பட்ட வரி அபூர்வம்.

மனுநீதிச் சோழன் கதையும் இங்கே கல்லில் இருக்கிறது. கன்றைத் தேர்க்காலில் கொன்ற மகனைத் தானே தேரேற்றிய அந்தக் கதையை விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. அது சேக்கிழாருக்கும் முந்தியது. கோயிலுக்கு வெளியே கல்தேரும் பசுவும் கன்றுமாக அந்தக் காட்சி சிற்பமாகவே நிற்கிறது.

அன்றாட வழிபாடு

தியாகராஜருக்கு நேரடி அபிஷேகம் அரிது. காலையிலும் மாலையிலும் அபிஷேகம் பெறுவது, அதே வீதிவிடங்கர் என்ற பெயர் கொண்ட மரகத லிங்கம். சிறிய லிங்கம், பேழையிலிருந்து எடுத்து, அபிஷேகம் முடிந்ததும் திரும்பப் பேழையிலேயே வைத்துவிடுவார்கள். ஒரு வேளை மட்டும் போக முடிகிறவர் மாலைப் பூசையான சாயரட்சைக்குப் போகவேண்டும். தேவர்களெல்லாம் அந்த நேரத்தில் திருவாரூருக்கு வந்துவிடுவதாக நம்பிக்கை. மற்ற ஊர்ச் சாமிகளும் வருவதாகச் சொல்பவர்கள் உண்டு. பஞ்சமுக வாத்தியத்தை ஒலிக்கக் கேட்கும் வாய்ப்பும் அப்போது கிடைக்கலாம்.

அது வெண்கலத்தில் வார்த்த பெரிய குடமுழா. ஐந்து வாய், ஐந்திலும் தோல், சிவனின் ஐந்து முகங்களுக்கு ஒவ்வொன்று. ஒரு வாயில் பாம்பு சுற்றியிருக்கும், இன்னொன்றில் தாமரை. ஒவ்வொன்றின் ஒலியும் வேறு. வாசிப்பவர் நின்றுகொண்டு கைகளால் தட்டுகிறார். பாரசைவர் எனப்படும் மரபினர் தலைமுறையாக இதை வாசித்து வருகிறார்கள். கூடவே பாரி நாயனம், கொடுகொட்டி, சுத்த மத்தளம் என்று இக்கோயிலுக்கே உரிய வாத்தியங்கள் உண்டு. கோயிலில் ஆடிவந்த பெண்களின் மரபு மட்டும் அறுந்துவிட்டது. தேவதாசி முறையை ஒழித்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பெண்களை ஒரு கட்டிலிருந்து விடுவித்தது. சன்னதிக்குரிய ஆட்டமும் அதோடு போயிற்று. இரண்டையும் சேர்த்தேதான் சொல்லவேண்டும்.

ஆழித்தேர்

பங்குனிப் பெருவிழாவின் உச்சம் தேரோட்டம். பங்குனி ஆயில்யத்தில் நடப்பது மரபு. ஆகவே மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் வரும். சோழநாட்டுக் கோயில்களில் எதற்கு எது அழகு என்று சொல்லும் வழக்கில் திருவாரூரின் பங்கு தேர். மெதுவாக வருகிறவனைத் 'திருவாரூர்த் தேர் மாதிரி அசைந்து வருகிறான்' என்று இன்றும் வீடுகளில் திட்டுகிறார்கள். அப்பர் தம் பாடலில் ஆழித்தேரைக் குறிப்பிடுவதால் இந்த ஊரின் தேருக்கு ஏழாம் நூற்றாண்டுச் சான்று உண்டு. இன்று ஓடும் மரத்தேர் அதுவல்ல. பழைய தேர் 1920களில் தீயில் எரிந்தபின் செய்த தேர் 1930இல் ஓடத் தொடங்கியது. 1948க்குப் பின் நின்றுபோனது. அந்த மண்ணைச் சேர்ந்த மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, 1970இல், மறுபடி ஓடியது. கடவுள் மறுப்பு இயக்கத்தில் வளர்ந்தவர் சாமியின் தேரை ஓட வைத்த கதையை ஊர்க்காரர்கள் இன்றும் இரு விதமாகச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மரப்பகுதி மட்டும் சுமார் 36 அடி. அதன் மேல் மூங்கில் கட்டி, சீலையும் தொம்பையும் தொங்கவிட்டு அலங்கரித்தால் 96 அடி. எடை ஏறத்தாழ 300 டன். முன்னால் பாயும் நான்கு மரக்குதிரைகள். திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் இப்போது தேருக்கு இருக்கின்றன. ஆனாலும் முட்டுக்கட்டைக்காரர்கள் இல்லாமல் தேர் இல்லை. உருளும் சக்கரத்தின் பக்கத்திலேயே குனிந்து ஓடி, கட்டையை ஓரமாகச் செருகி, தேரை வீதியின் நடுவுக்குத் திருப்புகிறவர்கள் அவர்கள். கட்டையைக் கொடுப்பதிலும் எடுப்பதிலும் ஒரு நொடி பிசகினாலும் கை போய்விடும். வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானோர் 'ஆரூரா, தியாகேசா' என்று குரல் எழுப்ப, பின்னாலிருந்து புல்டோசர்கள் தள்ளுகின்றன.

வேடிக்கை பார்க்கச் சிறந்த இடம் வீதி முனை. நேராக ஓடும்போது தேர் அழகுதான். ஆனால் திரும்பும்போதுதான் வேலை தெரியும். சக்கரங்களுக்கு அடியில் இரும்புத் தகடுகளைப் போட்டு, வழுக்குவதற்கு மசகு தடவி, பக்கவாட்டில் இழுத்துத் தேரின் முகத்தை அடுத்த வீதிக்குத் திருப்புகிறார்கள். 96 அடியும் ஒரு பக்கம் சாய்வது போல ஆடி நிற்கும்போது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. முற்காலத்தில் தேர் நிலைக்கு வரப் பல நாட்கள் ஆகும். இப்போது பெரும்பாலும் அன்றே வந்துவிடுகிறது. விநாயகர், முருகன், அம்பாள், சண்டிகேசுவரர் தேர்களும் சேர்ந்து மொத்தம் ஐந்து தேர்கள் ஓடுகின்றன.

தேருக்குப் பின் வருவது தெப்பம். காலிப் பீப்பாய்களை இணைத்து அதன்மேல் மண்டபம் கட்டி, கல்யாணசுந்தரரையும் பார்வதியையும் எழுந்தருளச் செய்து, மூன்று இரவுகள் கமலாலயத்தைச் சுற்றி வருவார்கள். நாகசுரக் கச்சேரியும் தெப்பத்திலேயே நடக்கும். நான்கு கரைப் படிகளிலும் ஊரே உட்கார்ந்திருக்கும்.

பாத தரிசனம்

முகம் மட்டுமே காட்டும் தியாகராஜர் தம் பாதத்தைக் காட்டுவது ஆண்டில் இரண்டே நாட்கள்: மார்கழித் திருவாதிரை, பங்குனி உத்திரம். அன்றும் ஒரு பாதம்தான். பதஞ்சலி, வியாக்கிரபாதர் என்ற இரு முனிவர்களுக்கு நடனத் திருவடியைக் காட்டியதன் நினைவு இது. அருகிலுள்ள விளமல் கோயிலிலும் அதே கதையைச் சொல்கிறார்கள். திருவாதிரைக்கு முதல்நாள் தியாகராஜர் சன்னதியை விட்டு இராஜநாராயண மண்டபத்துக்கு எழுந்தருளுவார். இரவெல்லாம் அபிஷேக அலங்காரம் நடந்தபின் விடியலில் பாதம் திறக்கும். ஆரூர் ஆதிரை விழாவின் சிறப்பை அப்பர் ஒரு பதிகம் முழுக்கப் பாடியிருக்கிறார். தமிழ்நாட்டின் கோயில் விழாக்களில் கண்ணால் கண்டவர் எழுதிய மிகப் பழைய வருணனைகளுள் அது ஒன்று.

ஆடிச் சுவாதியில் சுந்தரர் குருபூசையும் இங்கே பெரிது.

செல்வோர் அறிய

திருவாரூர் ஒரு ரயில் சந்திப்பு. தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, மன்னார்குடி ஆகிய ஊர்களிலிருந்து பேருந்துகளும் உண்டு. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். வெளிப் பிராகாரத்துக் கல் சித்திரை, வைகாசியில் காலைச் சுடும். சன்னதிகள் பல என்பதால் அரை நாளாவது ஒதுக்கவேண்டும். தேர் நாளில் நான்கு வீதிகளுக்குள் வண்டி போகாது. தேர் பார்க்க விடியற்காலையிலேயே வீதிக்கு வந்துவிடுவது நல்லது. குழந்தைகளோடு வருபவர்கள் வடத்தின் அருகே நிற்காமல் வீட்டுத் திண்ணைகளிலோ மாடிகளிலோ இடம் கேட்டுக்கொள்ளலாம், கேட்டால் கொடுப்பார்கள். பாத தரிசனத்துக்கு நள்ளிரவு தாண்டியதுமே வரிசை நிற்கத் தொடங்கிவிடும். ஏழு விடங்கத் தலங்களையும் பார்க்க நினைப்பவர்கள் திருவாரூரில் தங்கிக்கொண்டு திருக்காறாயில், திருக்குவளை, திருவாய்மூர் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இன்னொரு நாள் வேண்டும். திருநள்ளாறு காரைக்கால் பக்கம்; சனிக்கிழமை அங்கே சனீசுவரனுக்கு வரும் கூட்டத்தில் விடங்கரை நிதானமாகப் பார்க்க முடியாது, வேறு கிழமையில் போவதே உத்தமம்.