ஒன்டாரியோவின் லிபர்டேரியன் கட்சிகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றத் தேர்தல்களில் போட்டியிட்டுவரும் இரண்டு சிறு கட்சிகளை இத்தலைப்பு குறிக்கும். ஒன்று, 1975இல் தொடங்கிய ஒன்டாரியோ லிபர்டேரியன் கட்சி. மற்றொன்று, 1984இல் பிறந்த ஒன்டாரியோ ஃப்ரீடம் கட்சி. பிறருக்குக் கேடு செய்யாதவரை ஒருவரின் வாழ்க்கையிலும் தொழிலிலும் சொத்திலும் அரசு தலையிடக் கூடாது என்பது இரண்டுக்கும் பொதுவான அடிப்படை. வரி குறைய வேண்டும், அரசின் ஏகபோகங்கள் ஒழிய வேண்டும், தன்னைத் தவிர யாருக்கும் தீங்கு செய்யாதவரைக் குற்றவாளியாக்கும் சட்டங்கள் போக வேண்டும் என்ற கோரிக்கைகள் அதிலிருந்தே கிளைக்கின்றன. இரு கட்சிகளும் இதுவரை ஓர் இடத்தில்கூட வென்றதில்லை. ஆனால் அவை முன்வைத்த கோரிக்கைகளில் சில பிற்பாடு பெரிய கட்சிகளின் கையாலேயே சட்டமாயின. ஆகவே வாக்குக் கணக்கை மட்டும் வைத்து இவற்றின் வரலாற்றை எழுதிவிட முடியாது.

இவ்வகைக் கட்சியின் முதல் வடிவம் அமெரிக்காவில் தோன்றியது. 1971 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் விலைகளையும் ஊதியங்களையும் உறையவைத்து ஆணையிட்டார். அதில் வெறுப்புற்ற டேவிட் நோலன் முதலிய சிலர் அந்த ஆண்டு டிசம்பரில் கொலராடோவில் லிபர்டேரியன் கட்சியைத் தொடங்கினர். 1973இல் கனடாவில் தேசிய அளவில் அதே பெயரில் ஒரு கட்சி உருவாயிற்று. ஒன்டாரியோக் கிளை எழுந்த 1975ஆம் ஆண்டு அந்நாட்டின் பணவீக்கக் காலம். அந்த ஆண்டுதான் பிரதமர் பியர் ட்ரூடோ விலை, ஊதியக் கட்டுப்பாட்டை அறிவித்தார். முதல்வர் பில் டேவிஸின் மாகாண அரசு வீட்டு வாடகைக்கு வரம்பு கட்டியதும் அப்போதுதான். விலையை அரசு நிர்ணயிக்கலாமா என்ற கேள்வி வீடுதோறும் பேசப்பட்ட காலம் என்பதால் புதிய கட்சிக்குப் பேச விஷயம் தேட வேண்டியிருக்கவில்லை. புரூஸ் ஈவோய், வின்ஸ் மில்லர் உள்ளிட்டோர் அதன் நிறுவனர்கள்.

ஃப்ரீடம் கட்சியின் பிறப்பிடம் மாகாணத்தின் தென்மேற்கிலுள்ள லண்டன் நகரம். அங்கு மார்க் எமரி என்ற இளைஞர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, 1975இல் ஒரு பழைய புத்தகக் கடையை வாங்கி நடத்திவந்தார். தனிமனித உரிமையை முன்வைத்த அமெரிக்க எழுத்தாளர் ஐன் ராண்டின் எழுத்துகள் அவரை அரசியலுக்கு இழுத்தன. 1980இல் லிபர்டேரியன் கட்சியின் சார்பில் கூட்டாட்சித் தேர்தலிலும் நின்றார். பிறகு அவரும் ராபர்ட் மெட்ஸும் சேர்ந்து, ‘அன்பார்ட்டி’ என்ற பெயரில் 1980இல் உருவாகியிருந்த சிறு கட்சியைத் தம் பொறுப்பில் எடுத்து, 1984 ஜனவரி 1 அன்று ஃப்ரீடம் கட்சியாக மாற்றினர். இருக்கும் கட்சியை எடுத்துக்கொண்டதற்கு நடைமுறைக் காரணம் இருந்தது. அன்றைய சட்டப்படி, சட்டமன்றத்தில் இடமில்லாத புதிய கட்சி ஒன்று பதிவு பெற வேண்டுமானால் பாதித் தொகுதிகளில் வேட்பாளரை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் 10,000 வாக்காளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பதிவு இல்லையேல் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் வராது, நன்கொடை தருவோருக்கு வரிச்சலுகை ரசீதும் கொடுக்க முடியாது. பத்துப் பேர் கூடித் தொடங்கும் அமைப்புக்கு இந்தத் தடை, தேர்தலைவிடவும் கடினமானது.

ஃப்ரீடம் கட்சி பெயர் பெற்றது ஞாயிற்றுக்கிழமைக் கடைச் சட்டத்தை எதிர்த்த போராட்டத்தில். கனடாவில் 1906ஆம் ஆண்டின் ‘ஆண்டவர் நாள்’ சட்டம் ஞாயிறன்று வியாபாரத்தைத் தடை செய்திருந்தது. 1985இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, ஒரு மதத்தின் ஓய்வுநாளை எல்லார்மீதும் திணிப்பது சமயச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று. ஆனால் ஒன்டாரியோவிடம் 1975ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று இருந்தது. அது மதத்தைப் பேசவில்லை, தொழிலாளருக்குப் பொது ஓய்வுநாள் என்றது. அதன் விதிவிலக்குகளைப் படித்தால் அரசு எவ்வளவு நுணுக்கமாகக் கடைக்குள் நுழைந்தது என்பது விளங்கும். மளிகை, புகையிலை போன்ற சில பொருள்களை விற்கும் கடை 2,400 சதுர அடிக்குக் குறைவாகவும், வேலை செய்வோர் மூன்று பேருக்கு மேற்படாமலும் இருந்தால் ஞாயிறன்று திறக்கலாம். சனிக்கிழமை மூடும் கடையானால் 5,000 சதுர அடிக்குள்ளும் ஏழு பேருக்குள்ளும் இருக்க வேண்டும். எட்டாவது ஆள் வந்து நின்றால் அதே கடை சட்டத்தை மீறியதாகிவிடும். டொரன்டோவின் ஸ்பாடைனா அவென்யூவில் கம்பளித்தோல் ஆடை விற்ற பால் மாக்டர் உள்ளிட்ட வியாபாரிகள்மீதான வழக்கில், 1986இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை ஏற்றது. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்வோரின் உரிமையைச் சட்டம் பாதிக்கிறது, எனினும் அது நியாயமான வரம்பே என்றது தீர்ப்பு.

எமரி அதன் பிறகும் தம் புத்தகக் கடையை ஞாயிறுகளில் திறந்தார். அபராதம் விதிக்கப்பட்டது. கட்ட மறுத்துச் சில நாள் சிறை சென்றார். அவரும் மெட்ஸும் வைத்த வாதம் வழக்காடிய வியாபாரிகளின் வாதத்திலிருந்து வேறுபட்டது. எந்த நாளை எந்த மதம் புனிதம் என்கிறது என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல. கடை யாருடையது, கதவைத் திறக்கும் முடிவு யாருடையது என்பதே கேள்வி. தேர்தல் மேடையில் இந்தக் கேள்வியை இவ்வளவு நேரடியாகக் கேட்டது இந்தக் கட்சியின் உண்மையான பங்களிப்பு.

சட்டத்தை முடித்துவைத்தது கட்சியல்ல. 1990 ஜூனில் மாகாண நீதிமன்றம் ஒன்று சட்டத்தை நீக்க, கடைகள் ஞாயிறுகளில் திறந்தன. 1991 மார்ச்சில் மேல்முறையீட்டில் சட்டம் மீண்டும் உயிர் பெற்றது. அந்த மாதங்களில் மக்கள் பழகிவிட்டார்கள். பொருளாதார மந்தம் வேறு. எல்லை தாண்டி அமெரிக்காவில் பொருள் வாங்கப் போகும் கூட்டமும் பெருகியிருந்தது. பொது ஓய்வுநாளைக் காக்கிறோம் என்று நின்ற பாப் ரே தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சி அரசே 1992இல் ஞாயிறு விற்பனைக்கு வழிவிட்டது.

எமரி 1990களின் தொடக்கத்தில் கட்சியையும் நகரத்தையும் விட்டு விலகி, பின்னர் வான்கூவரில் கஞ்சா சட்டத்துக்கு எதிரான இயக்கத்தின் முகமானார். அமெரிக்காவுக்கு விதை விற்ற வழக்கில் அங்கு ஐந்தாண்டுத் தண்டனை பெற்று, 2014இல் விடுதலையானார். ஃப்ரீடம் கட்சியை மெட்ஸ் நடத்தினார். 2002 முதல் வழக்கறிஞர் பால் மெக்கீவர் தலைவராக இருந்து, அதை ஐன் ராண்டின் தத்துவத்துக்கு மேலும் நெருக்கமாக்கினார். ராண்ட் தம் வாழ்நாளில் லிபர்டேரியன் இயக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தவர். ஏறத்தாழ ஒரே கோரிக்கைகளை வைத்திருந்தும் இரு கட்சிகளும் இணையாமல் போனதற்கு இந்தத் தத்துவப் பிணக்கு ஒரு காரணம். இருக்கும் சில ஆயிரம் வாக்குகளையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டது பெரும் இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

லிபர்டேரியன் கட்சிக்கு முதல் ஏற்றம் 1990 தேர்தலில் வந்தது. 130 தொகுதிகளில் 45இல் நின்று, 24,600 வாக்குகள் அளவுக்கு, அதாவது 0.6 சதவீதம் பெற்றது. ஆளும் லிபரல் கட்சிமீது மக்கள் சீற்றம் கொண்டிருந்த தேர்தல் அது. அதன்பின் நீண்ட தேக்கம். சாம் ஏபெல்பாம் பத்தாண்டுக்கு மேல் தலைவராக இருந்து கட்சி அணையாமல் பார்த்துக்கொண்டார். 2007 வாக்கில் தேர்தல் சட்டம் தளர்ந்து, இரண்டு தொகுதிகளில் வேட்பாளர் நிறுத்தினாலே பதிவு பெறலாம் என்றானது. ஆலன் ஸ்மால் தலைமையில் 2014இல் 74 வேட்பாளர்கள் நின்று 37,000க்கும் அதிகமான வாக்குகள் பெற்றனர். அதே தேர்தலில் வாக்குச்சாவடிக்கு வந்து, யாரும் வேண்டாம் என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தவர்கள் சுமார் 30,000 பேர். ஒன்டாரியோச் சட்டம் தரும் உரிமை அது. சிறு கட்சிக்கு விழும் வாக்கில் எவ்வளவு கொள்கைக்கு, எவ்வளவு கோபத்துக்கு என்று பிரித்தறிவது கடினம் என்பதற்கு இந்த எண்களே சான்று.

மாகாணத்தில் அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் முறை நீடிக்கிறது. விகிதாசார அம்சம் கொண்ட கலப்பு முறையை 2007 பொது வாக்கெடுப்பில் 63 சதவீதத்தினர் நிராகரித்தனர். அது நிறைவேறியிருந்தாலும் கட்சிப் பட்டியல் வழியாக இடம் பெற 3 சதவீத வாக்கு தேவைப்பட்டிருக்கும். 2017 முதல் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் நன்கொடை தரத் தடை வந்தது. ஈடாக, மாகாண அளவில் 2 சதவீதம் அல்லது போட்டியிட்ட தொகுதிகளில் 5 சதவீதம் பெறும் கட்சிகளுக்கு வாக்குக்கு இவ்வளவு என்று அரசுப் பணம் தரப்பட்டது. வரிப்பணத்தில் கட்சி நடத்துவதை எதிர்க்கும் இவ்விரு கட்சிகளுக்கும் அது எட்டவுமில்லை.

2015இல் மளிகைக் கடைகளில் பீர் விற்பனை, 2019இல் தனியார் கஞ்சாக் கடைகள், 2024இல் சிறு கடைகளில் மது என்று, இவர்கள் பல காலம் கேட்டுவந்தவை லிபரல், கன்சர்வேடிவ் அரசுகளால் ஒவ்வொன்றாக நடந்தன. மருத்துவத்தில் தனியார் காப்பீட்டுக்கு இடம் தர வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் எந்தப் பெரிய கட்சியும் கையிலெடுக்கத் துணியவில்லை.

2018இல் லிபர்டேரியன் கட்சி 124 தொகுதிகளில் 110க்கும் மேற்பட்டவற்றில் நின்றது, அதுவரை இல்லாத அளவு. அடுத்த 2022 தேர்தல் அதற்கு நல்ல தருணமாக இருந்திருக்க வேண்டும். கோவிட் கால ஊரடங்கும் தடுப்பூசிச் சான்றிதழும் அரசு அதிகாரத்தின் எல்லை பற்றிய கேள்வியைத் தெருவுக்கே கொண்டுவந்திருந்தன. ஆனால் வேட்பாளர் இருபதைத் தொடவில்லை. அந்த அதிருப்தியைப் புதிதாக வந்த நியூ ப்ளூ கட்சி 2.7 சதவீதமாகவும், ஒன்டாரியோ கட்சி 1.8 சதவீதமாகவும் அள்ளிக்கொண்டன. இவ்விரண்டும் சமூகப் பழமைவாதம் கலந்த வலதுசாரிக் கட்சிகள். அவற்றுக்கும் இடம் எதுவும் கிடைக்கவில்லை.