ஏழைகளுக்காக நடந்த கூட்டங்கள்: நம் வட்டாரத்தின் பழைய கணக்கு



அக்டோபர் 17 உலக வறுமை ஒழிப்பு நாள். இந்த ஆண்டு அதை நம் வளாகத்தில் கொண்டாடலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்திருக்கிறது. குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி, ஒரு சிறப்பு விருந்தினர், நம்மிடம் வேலை செய்பவர்களுக்கு மளிகைப் பை என்பது திட்டம். நல்ல காரியம்தான். ஆனால் இப்படிப்பட்ட கூட்டங்கள் சாக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக்குப் புதியவை அல்ல. நூறு வருஷமாக நடக்கின்றன. அவற்றால் என்ன ஆயிற்று என்று ஒருமுறை பார்த்துவிட்டு நாமும் தொடங்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் அப்போது ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. 1930 டிசம்பரில் அந்த ஜில்லாவின் கிராமங்களில், ஆதிக்கத்தில் இருந்தவர்கள் கூடி ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், சாதி பற்றிய தம் நூலில் இவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, முடியைக் கிராப் வெட்டக் கூடாது. பெண்கள் மேலாடை உடுத்தக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. தானியம் பாழாக்கப்பட்டது. ஆடுமாடுகள் கொள்ளை போயின.

ஆறு மாதம் கழித்து, 1931 ஜூனில், இன்னும் பதினொரு தடைகள் வந்தன. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும். சொந்த நிலம் இருந்தால் மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் பாசனத்துக்குத் தண்ணீர் கிடையாது. காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை வேலை. கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா.

நான் பி.காம். படித்தவன், முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். இந்தப் பட்டியலைப் படித்தால் எனக்குக் கண்ணில் படுவது வரவு செலவுதான். சட்டை, செருப்பு, குடை எல்லாம் மானத்தைப் பறிக்கும் தடைகள். அது யாருக்கும் உடனே புரியும். நகையும் பாத்திரமும் வேறு ரகம். அந்தக் காலத்தில் ஏழைக்குச் சேமிப்புக் கணக்கு ஏது? ஒரு குண்டுமணித் தங்கமும் ஒரு பித்தளை அண்டாவும்தான் சேமிப்பு. கஷ்டம் வந்தால் அடகு வைக்கலாம், மழை பெய்து வெள்ளாமை வந்தால் மீட்கலாம். மண்பானையை எவன் அடகு பிடிப்பான்? ஆக, சேமிக்கக் கூடாது, நிலம் வைத்திருக்கக் கூடாது, பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போகக் கூடாது, கூலியும் ஏறக் கூடாது. வறுமை விதியால் வந்தது என்று சொல்லுகிறோமே, இங்கே விதித்தவர்கள் கூட்டம் போட்டு விதித்திருக்கிறார்கள். ஒதுக்கியது ஒரு பக்கம், ஏழையாக்கியது இன்னொரு பக்கம் என்று இதைப் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

இதே காலத்தில்தான் நம் செட்டிநாட்டுக்குக் காந்தி இரண்டு முறை வந்தார். 1927 செப்டம்பரில் கதருக்காக வந்தபோது கானாடுகாத்தானில் நகரத்தார் வீடுகளைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டுச் சாமான்களால் மூச்சுவிட இடமில்லை, என்னிடம் ஒப்பந்தம் கொடுத்தால் பத்தில் ஒரு பங்குச் செலவில் இதைவிட வசதியாக அமைத்துத் தருவேன் என்ற கருத்தில் பேசினார். விருந்தாளி இப்படிப் பேசியும் பணமுடிப்புக்குக் குறைவில்லை என்பது நம் ஊர்க்காரர்களின் பெருமை. அந்தப் பயணத்தில்தான் சிராவயல் ஆசிரமத்தில் ப. ஜீவானந்தத்தையும் சந்தித்தார். சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரத்தில் மனம் கசந்து வெளியே வந்த ஜீவா, சிராவயலில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்த்து வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வருகை 1934 ஜனவரியில், ஹரிஜன யாத்திரையின்போது. 1933 நவம்பரில் தொடங்கிய அந்த யாத்திரை ஒன்பது மாதம் நடந்தது. 12,500 மைல், வசூல் சுமார் 8 லட்சம் ரூபாய். வரவேற்புப் பத்திரத்தையும் அது வைத்துக் கொடுத்த பேழையையும் அதே மேடையில் ஏலம் விடுவார், பெண்களிடம் வளையலைக் கழற்றித் தரச் சொல்லுவார், கையெழுத்துக்கும் காசு. ஆதிதிராவிடப் பெண் நகை போட்டால் குடிசை எரிந்த ஜில்லாவில், வசதியான வீட்டுப் பெண்கள் அவர்களுக்காக நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. தீண்டாமை என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று பலபேர் முதன்முதலாகக் காதால் கேட்டது இந்தக் கூட்டங்களில்தான்.

ஆனால் அம்பேத்கர் கேட்ட கேள்வியும் இருக்கிறது. 1932 நவம்பரில் லண்டனுக்குக் கப்பலில் போகும்போது, ஹரிஜன சேவா சங்கத்தின் செயலாளர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கிணறு, தெரு, பள்ளிக்கூடம் ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டுவதுதான் சங்கத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும், வேலைவாய்ப்பு வேண்டும் என்று கேட்டார். அதற்குப் பதிலே வரவில்லை என்று பின்னால் எழுதினார். நிர்வாகத்தில் தீண்டப்படாதவர்களுக்கும் இடம் வேண்டும் என்ற கோரிக்கைக்குக் காந்தி தரப்பின் பதில், இது பாவம் செய்தவர்கள் பரிகாரம் செய்யும் அமைப்பு, கடன்பட்டவர்கள்தான் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கடன்பட்டவர் கையிலேயே பேரேட்டைக் கொடுத்து, எவ்வளவு பாக்கி என்று நீரே எழுதிக்கொள்ளும் என்று எந்த வங்கி சொல்லும்?

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆகஸ்ட் 15 அன்றும் அண்ணா நினைவு நாளன்றும் கோயில்களில் பொதுவிருந்து, ஜனவரி 24 முதல் 30 வரை மனிதநேய வார விழா என்று அரசாங்கம் நடத்துகிறது. ஒரே பந்தியில் உட்காருவது சின்ன விஷயம் இல்லை. தேவகோட்டை பக்கத்துக் கண்டதேவியில் தேர்வடத்தை யார் பிடிப்பது என்ற பிரச்சினையில் தேரே பல வருஷம் நிலையில் நின்றதும், நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024 ஜூனில் ஓடியதும் எல்லாரும் அறிந்தது.

நானே பங்கெடுத்த ஒரு கூட்ட வகையைச் சொல்லாமல் விடக் கூடாது. எண்பதுகளில் மத்திய நிதித்துறை இணை அமைச்சர் ஜனார்த்தன பூஜாரி காலத்தில் நடந்த கடன் மேளா. கறவை மாடு, தையல் மிஷின், பெட்டிக்கடை என்று ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் கடன். பந்தலுக்குள் நாற்காலிகளில் பிரமுகர்களும் அதிகாரிகளும், கடன் வாங்க வந்தவர்கள் கயிற்றுக்கு அப்பால் வெயிலில். ஒவ்வொரு பெயராக மைக்கில் கூப்பிடுவோம். வந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த மனிதருக்கு மாடு வேண்டுமா, மாட்டுக்குத் தண்ணீர் இருக்கிறதா, அதைக் கேட்கிற இடம் மேடையில் இல்லை. வசூல் நிலுவை ஏறியபோது மட்டும் ஏழை நாணயமில்லாதவன் என்று பேசினார்கள். தினமும் அந்தப் பேரேட்டைப் புரட்டிய என் அனுபவத்தில் அது பெரும்பாலும் பொய்.

அக்டோபர் 17 என்ற தேதியைத் தந்தவர் ஜோசப் ரெசின்ஸ்கி என்ற பிரெஞ்சுப் பாதிரியார். ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1956-இல் பாரிஸ் அருகே நுவாசி லெ கிரான் என்ற வீடற்றோர் முகாமுக்குப் போனதும் அவர் செய்த காரியம் ஆச்சரியமானது. இலவச சூப் வினியோகத்தை நிறுத்தினார். பதிலுக்கு நூலகமும் மழலையர் பள்ளியும் கொண்டுவந்தார். 1987 அக்டோபர் 17 அன்று அவர் அழைப்பில் பாரிஸில் சுமார் ஒரு லட்சம் பேர் கூடி ஒரு கல்வெட்டைத் திறந்தார்கள். ஐ.நா. 1992-இல் அந்த நாளை ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு வறுமையில் வாழ்பவர்களே பேச வேண்டும் என்பது அந்த நாளின் வழக்கம்.

இதற்கு நிகரான ஒன்று நம் பக்கத்து மாவட்டத்திலேயே நடந்தது. 1991-இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகக் கலைக்குழு போனது, வீதி நாடகம் போட்டது. அதோடு நிற்காமல் எழுதப் படிக்க வந்த பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். கல்லுடைக்கும் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகை எடுத்தார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் 1996-இல் வந்த தம் நூலில் இந்தச் சைக்கிள் கதையை எழுதியிருக்கிறார். அப்போது நான் வேலை பார்த்த கிளைக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் வருவார்கள். கைரேகைக்காக மைப்பெட்டியை எடுத்து நீட்டினால், "பேனா குடுங்க சார்" என்பார்கள். ஒரு அம்மாள் தன் பெயரை எழுதி முடிக்க நாலு நிமிஷம் ஆகும். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுப்பார்கள், அவர் அசரமாட்டார். பாஸ்புக்கைக் கையில் வாங்கி, போட்ட தொகை சரியாக ஏறியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

நம் விழாவுக்கு வருகிறேன். ஓவியப் போட்டி இருக்கட்டும், மளிகைப் பையும் இருக்கட்டும். விழா ஏற்பாட்டுக் குழுவில் துப்புரவு வேலை செய்பவர்களிலிருந்து இருவர், காவலாளிகளில் ஒருவர், வீட்டு வேலைக்கு வருகிறவர்களில் இருவர் சேர வேண்டும் என்று முன்மொழிகிறேன். எல்லாரும் எந்த லிஃப்டில் போகலாம், வேலைக்கு நடுவே எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், தண்ணீர் எங்கே குடிக்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்போம். திட்டக் கூட்டத்தை ஞாயிறு காலை பதினொன்றுக்கு வைக்கலாம் என்று செயலாளர் சொன்னார். அந்த நேரத்தில் அவர்கள் நம் வீடுகளில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார்கள். மாலை ஐந்து மணி என்றால் வர முடியும் என்கிறார்கள், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.