மலைமேல் ஒரு மனை

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் கடைவீதிக்குச் சாலை என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய இராஜா கேசவதாஸ் நிறுவிய அங்காடி அது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருநெல்வேலிச் சீமையிலிருந்து சரக்கு வந்தது. சரக்கோடு வணிகரும் வந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே தமிழ் பேசி வாழ்கின்றனர். அவர்களுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பிறந்த மண்ணில் அவர்தம் முன்னோர் மாலைக் கதிரவன் மறையும் திசையில் கண்டு வணங்கிய பொதிகை மலையை, இவர்கள் காலைக் கதிரவன் எழும் திசையில் காண்கின்றனர். மலை ஒன்றே, பார்க்கும் பக்கம்தான் வேறு.

அம்மலைத்தொடரில் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் சிகரம் அகத்தியர்கூடம். தமிழுக்கு இலக்கணம் வகுத்த முனிவர் அங்கே உறைகின்றார் என்பது தொன்மையான நம்பிக்கை. கேரள வனத்துறை ஆண்டுதோறும் சில வாரங்கள் அனுமதிச் சீட்டு வழங்கி, மலையேறுவோரை அவ்வழியே விடுகின்றது. போனக்காட்டிலிருந்து காட்டு வழியே நடந்து, அதிருமலையில் இரவு தங்கி, மறுநாள் உச்சிக்குச் செல்ல வேண்டும். ஏறியவர்கள் அங்கே காண்பது அகத்தியர் திருவுருவம் ஒன்றையே. அம்மலைமுடியில் ஒரு காலத்தில் ஒரு விஞ்ஞான நிலையம் இருந்தது என்பதை அறிந்தவர் சிலரே.

அந்நிலையத்தை எழுப்பியவர் ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர். சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் ஒரு வானாராய்ச்சிக் கூடம் நிறுவியிருந்தார். ஊரார் அதனை நட்சத்திர பங்களா என்றே வழங்கினர். 1852-இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்ற பிரௌன், காந்த ஊசியின் நுண்ணிய அசைவுகளை நாள்தோறும் அளந்து குறிக்கும் பணியில் ஈடுபட்டார். கடல்மட்டத்தை ஒட்டிய நகரில் காணும் மாறுதல்கள் ஆறாயிரம் அடி உயரத்திலும் அவ்வாறே காணப்படுமா என்பது அவர் உள்ளத்தில் எழுந்த வினா. விடை காண, அருகிலிருந்த உயர்ந்த மலையையே நாடினார். உத்திரம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், 1855-இல், அகத்தியர் மலைமேல் ஆராய்ச்சி மனை எழுந்தது.

அந்த இடத்தின் இயல்பைச் சற்று எண்ணிப் பார்ப்போம். யானை திரியும் அடர்ந்த காடு; தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறித் தாக்கும் உச்சி; ஓயாத காற்று; மூடுபனி. கருவிகளையும் உணவையும் மனிதர் சுமந்தே ஏறினர். விஞ்ஞான நூல்களில் பிரௌனின் பெயர் நிலைத்தது. 1878-இல் இலண்டன் ராயல் சங்கம் அவருக்குப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. சுமை தூக்கிய தோள்கள் பெயரின்றி மறைந்தன. 1865-இல் பிரௌன் ஐரோப்பா திரும்பிய பின்னரும் திருவனந்தபுரத்தில் 1869 வரை அளவீடுகள் நின்றுவிடவில்லை. கருவியின் முன் அமர்ந்து எண்களைக் குறித்து வந்தவர்கள் இந்நாட்டு உதவியாளர்களே. 1874-இல் வெளிவந்த பெருநூலில் இரு நிலையங்களின் அளவீடுகளும் இடம்பெற்றன.

நகரத்து நட்சத்திர பங்களா இன்றும் கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நிற்கின்றது. மலைமேல் எழுந்த மனையோ மறைந்தது. அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்த்துப் பழகிய நம் போன்றோர் நன்கறிந்த உண்மை ஒன்று உண்டு. கட்டுவதற்குரிய செலவு ஒரு முறை அனுமதி பெற்றால் போதும். பேணுவதற்குரிய செலவுக்கு ஆண்டுதோறும் அனுமதி வேண்டும். ஆணையால் எழுந்த கட்டடம், ஆணையிடுவோரின் கருத்து வேறிடம் சென்றதும் தனித்து விடப்படுகின்றது. சமவெளியில் அது மெல்லப் பாழாகும். மலையில் விரைந்து பாழாகும்.

பிரௌனின் தாய்நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. பிரிட்டனின் மிக உயர்ந்த சிகரமாகிய பென் நெவிஸ் மலைமேல், 1883-இல், மக்கள் வழங்கிய நன்கொடையைக் கொண்டு ஒரு வானிலை நிலையம் கட்டப்பட்டது. அங்கே தங்கியிருந்தோர் இரவும் பகலும் மணிக்கு ஒரு முறை அளவெடுத்தனர். கோடைகாலத்தில் அவர்கள் ஓய்வு பெறும்பொருட்டு, வெளியிலிருந்து தன்னார்வலர் சிலர் சென்று அவ்வேலையை ஏற்பதுண்டு. 1894-இல் அவ்வாறு இரண்டு வாரம் தங்கியவர் சி. டி. ஆர். வில்சன் என்னும் இளைஞர். கீழே விரிந்த மேகத்தின்மேல் சூரியஒளி வரைந்த வண்ண வளையங்களைக் கண்டு வியந்து, அவற்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்க முயன்றார். அம்முயற்சியே மேக அறை என்னும் கருவியாக முடிந்து, 1927-இல் அவருக்கு நோபல் பரிசைத் தேடித்தந்தது. ஆயினும் அந்நிலையம் பணமின்றி 1904-இல் மூடப்பட்டது. இன்று உச்சியில் இருப்பவை அதன் இடிந்த சுவர்களே.

அதே மலையின் வடபுறத்துப் பாறைகளின் அடியில் ஒரு சிறு கல்வீடு இருக்கின்றது. முதல் உலகப் போரில் உயிர்நீத்த தம் மகனின் நினைவாகப் பெற்றோர் எழுப்பி, ஸ்காட்லாந்து மலையேறுவோர் கழகத்திடம் ஒப்படைத்தது அது. 1929-இல் திறக்கப்பெற்ற அவ்வீடு இன்றும் மலையேறுவோருக்கு அடைக்கலம் தருகின்றது. பராமரிப்பு வேலைக்கென நாள் குறித்து, கழகத்தின் அங்கத்தினர் கூலியின்றிக் கூடுகின்றனர். மேலே பலரும் போற்றிய நிலையம் பாழடைந்தது. கீழே சிலர் முறைவைத்துப் பேணும் வீடு நிற்கின்றது. சுவிட்சர்லாந்தின் ஆல்பைன் கழகமும் இவ்வழியே வளர்ந்தது. 1863-இல் தோன்றிய அவ்வாண்டிலேயே அது தன் முதல் மலைக்குடிலைக் கட்டியது. இன்று ஏறத்தாழ 150 குடில்கள் அக்கழகத்தின் கிளைகளால் பேணப்படுகின்றன.

இம்முறை நமக்குப் புதியதன்று. சாலைக்குச் சரக்கு வந்த வழிகளில் சுமைதாங்கிக் கற்களும் வழியம்பலங்களும் இருந்தன. சுமைதாங்கி, நட்டால் நிற்கும். வழியம்பலம் அப்படியன்று, கூரை மாற்றுவாரும், கிணறு தூர்வாருவாரும், விளக்கேற்றுவாரும் வேண்டும். தென்தமிழ்நாட்டு வணிகர் இதனை உணர்ந்தே மகமை என்னும் ஏற்பாட்டைக் கண்டனர். தம் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட சிறு தொகை அது. விருதுநகரிலும் சிவகாசியிலும் அருப்புக்கோட்டையிலும் அவர்தம் பேட்டைகள் அதனால் பேணப்பட்டன. விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலையை வளர்த்ததில் வீடுதோறும் நாளுக்கு ஒரு பிடியாக எடுத்துவைத்த அரிசிக்கும் பங்குண்டு. காமராஜர் பயின்ற பள்ளி அது. ஒரு பெருஞ்செல்வர் ஒரே நாளில் ஒரு மூட்டை தந்திருக்கலாம். பிடி அரிசியோ ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டாரையும் அப்பள்ளிக்கு உரியவராக்கியது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாமும் மனைகள் எழுப்பியிருக்கின்றோம். 1946-இல் தோன்றிய டில்லித் தமிழ்ச் சங்கம் முதலாக எத்தனையோ சங்கங்கள், பள்ளிகள், நூலகங்கள்! கட்டட நிதிக்குக் கைகொடுத்தோர் பெயர்கள் பளிங்கில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பொறித்தது நன்றே. ஆனால், நூலகத்து அலமாரியில் செல்லரிக்காமல் பார்ப்பவர் யார்? மழைக்கு முன் மொட்டைமாடியின் நீர்வழியைத் துப்புரவு செய்பவர் யார்? ஞாயிறு மாலையில் குழந்தைகளுக்கு அகரம் கற்பிக்கக் கதவைத் திறந்துவைப்பவர் யார்? ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மூன்று பேர் இருப்பர், பெரும்பாலும் முதியவர்கள். அவர்களுக்குப் பின் அப்பணி யாருடையது என்னும் கேள்விக்குப் பெயர்சொல்லி விடை கூறக்கூடிய சங்கமே நிலைபெறும்.

சாலைத் தெருவில் வைகறையில் கடைதிறப்போர் முதலில் செய்வது வாயிலைப் பெருக்கி நீர் தெளிப்பது. நேற்றுப் பெருக்கியதுதானே என்று எவரும் விட்டுவிடுவதில்லை. அடுத்த ஞாயிறன்று நம் சங்கத்துக்குச் செல்லும்போது, நிகழ்ச்சி தொடங்குவதற்கு ஒரு மணி முன்னதாகச் செல்வோமாக; நம் பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்வோமாக. அங்கே தனியே துடைப்பம் ஏந்தி நிற்பவருக்குத் துணை கிடைக்கும்.