கைவீச்சும் வண்ணமும்

உருவமற்ற ஓவியத்தின்முன் நிற்கும் நம்மவர் முதலில் கேட்பது, "இது என்ன?" என்பதே. விடை கிடையாதபோது, குழந்தையின் கிறுக்கல் என நகைத்து அகல்கின்றனர். ஆயின் இப்புதுமைக் கலையின் இந்திய வரலாற்றில் தில்லித் தமிழர் ஒருவருக்கும் சிறப்பிடம் உண்டு.

1928இல் சிம்லாவில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர் ஜே. சுவாமிநாதன். பொதுவுடைமை இயக்கத்திலும் பத்திரிகைத் துறையிலும் உழைத்துப் பின்னர் ஓவியரானவர். அவர் முன்னின்று அமைத்த 'குரூப் 1890' என்னும் பன்னிருவர் குழு, 1963 அக்டோபரில் தலைநகரின் இரவீந்திர பவனத்தில் கண்காட்சி நடத்திற்று. பிரதமர் நேரு திறந்துவைத்தார். மெக்சிகோவின் தூதராக இங்கிருந்த கவிஞர் ஒக்டாவியோ பாஸ் கண்காட்சி மலருக்கு முன்னுரை வரைந்தார். சென்னை ஓவியர் ரெட்டப்ப நாயுடுவும் அக்குழுவினரே. ரவிவர்மாவின் வழியையும் வங்காள மரபையும் மேனாட்டாரைப் பின்பற்றுவதையும் அக்குழு ஒருங்கே மறுத்தது.

1967இல் நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் அனுப்பிய அமெரிக்க ஓவியங்கள் தில்லிக்கு வந்தன. ஜாக்சன் போலாக், மார்க் ராத்கோ ஆகியோரின் படைப்புகளை இந்நகரத்தார் நேரில் கண்டனர். போலாக், துணியைத் தரையில் விரித்து, வண்ணத்தைச் சொட்டியும் வீசியும் வரைந்தவர். அவரது உடலின் அசைவே கோடாயிற்று. ராத்கோவோ வண்ணத்தை மெல்லிய படலங்களாகப் பூசி, நிறமே உள்ளத்தோடு பேசுமாறு செய்தவர்.

இவ்விரு நெறிகளையும் உணரும் பயிற்சி நமக்குப் புதிதன்று. வாயிலில் குனிந்து இழைக்கோலம் இடுபவரின் விரைவும் தயக்கமும் மாவுக் கோட்டில் படிந்துவிடுகின்றன. சொல்லில்லாத் தோடி ஆலாபனைக்குப் பொருள் கேட்பார் எவருமிலர். அதன் போக்கிலே மனத்தைச் செலுத்துகிறோம். அந்தச் செவியின் பொறுமையைக் கண்ணுக்கும் அளித்தலே வேண்டுவது.

சுவாமிநாதனும் மேனாட்டு வழியிலே நின்றுவிடவில்லை. 1982இல் போபாலில் திறக்கப்பெற்ற பாரத் பவனின் கலைக்கூடத்தைப் பொறுப்பேற்று, பழங்குடியினரின் கலையை நகர ஓவியர் படைப்புகளுக்கு இணையாக வைத்தார். பிற்கால ஓவியங்களில் மண்ணிறங்களையும் எளிய குறிகளையும் ஆண்டார். 1994இல் மறைந்தார்.

ஜெய்ப்பூர் மாளிகையிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடம் இராமகிருஷ்ணபுரத்திற்குத் தொலைவன்று. அங்கே நம் பிள்ளைகளிடம் "இது என்ன?" என்று வினவாமல், "கை எங்கே விரைந்தது? எங்கே தயங்கியது? எந்த நிறம் உன்னை நிறுத்திற்று?" என்று கேட்போமாக. தமிழ் எழுத்தை மறந்துவரும் பிள்ளையும் பாட்டியின் கோலத்தைக் கண்டே வளர்கிறது. அக்கண்ணைக் காப்பது பெற்றோராகிய நம் கடன்.